பதினோரு மணிப் படபடப்பு: சோறும் இட்லியும்தான் பதற்றத்துக்குக் காரணமா?

பேரேடு | மார்ச் 4, இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. நான்கு மாதங்களாக ஒரு தொல்லை.

காலை ஏழரைக்கு ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி, இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபி. பத்தேமுக்கால், பதினொன்று வாக்கில் உள்ளங்கை வியர்க்கத் தொடங்குகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. காசோலையில் தொகையை எழுத்தால் எழுதும்போது பேனா முனை நடுங்கி, ‘தொண்ணூற்று’ என்ற சொல்லின் கொம்பு கோணிக்கொள்கிறது. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உள்ளே போனால் அரைமணி நேரத்தில் அடங்கிவிடும்.

மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள். இதயத்தில் குறை ஒன்றும் இல்லை, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் மைத்துனர், “எல்லாம் மாவுச்சத்து செய்கிற வேலை, அரிசியை விட்டால் பதற்றமும் விட்டுவிடும்” என்றார். ஒன்பது நாட்கள் இட்லி, சோறு எதையும் தொடவில்லை. முட்டை, பன்னீர், காய்கறி மட்டும். நான்காம் நாளிலிருந்து எழுந்து நின்றாலே தலை சுற்றியது, இரவில் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. பயந்துபோய்ப் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டேன். இப்போது பதினோரு மணி நடுக்கமும் திரும்பிவிட்டது.

மாவுச்சத்தைக் குறைத்தால் பதற்றம் குறையுமா, கூடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்மண் | மார்ச் 4, இரவு 10.35

நண்பரே, ஒன்பது நாட்களில் விட்டுவிட்டீர்களே! உடல் பழகுவதற்கு மூன்று வாரங்களாவது வேண்டும். எனக்கு வயது 46. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி 6.1 என்று வந்ததும் அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் நிறுத்தினேன். எட்டு மாதங்களில் 9 கிலோ குறைந்தேன். அதற்கு முன்பு கூட்டத்தில் நாலு வார்த்தை பேச எழுந்தால் குரல் நடுங்கும். இப்போது அது இல்லை. என் வாழ்க்கையை மாற்றியது இது. தயங்காமல் மறுபடி தொடங்குங்கள்.

இரவுப்பணி | மார்ச் 5, காலை 7.20

இரவு ஷிப்ட் முடிந்து வந்து இதைப் படிக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கரிசல்மண் அண்ணா, உங்களுக்கு நல்லது நடந்தது மகிழ்ச்சி. ஆனால் பேரேடு அண்ணாவிடம் நாம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: நடுக்கம் வரும் அந்த நேரத்தில் இரத்தச் சர்க்கரை எவ்வளவு?

இரத்தத்தில் குளுக்கோஸ் இறங்கினால் உடல் அட்ரீனலினைச் சுரந்து அதை மேலே தூக்கப் பார்க்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, இனம்புரியாத பயம் எல்லாம் அந்த அட்ரீனலினும் அதோடு சேர்ந்து விழித்துக்கொள்ளும் நரம்புகளும் செய்வது. பயம் வந்தாலும் அதே அட்ரீனலின்தான் சுரக்கிறது. ஆகவே உள்ளே இருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உணர்வை வைத்துப் பிரிக்க முடியாது, எண்ணை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1938இல் வகுத்த மூன்று நிபந்தனைகளை இன்றைக்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அறிகுறி இருக்க வேண்டும். அதே நேரத்தில் எடுத்த சோதனையில் சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை ஏறியதும் அறிகுறி போக வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் தாழ்சர்க்கரை. பிஸ்கட் தின்றதும் சரியாகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. பயமும் அரைமணி நேரத்தில் தானாகவே இறங்கக்கூடியதுதான்.

ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள், அல்லது யாரிடமாவது கேட்டு வாங்குங்கள்; ஊசி மட்டும் உங்களுக்கென்று புதிதாக இருக்கட்டும். நடுக்கம் தொடங்கியதும், எதையும் வாயில் போடுவதற்கு முன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து உலர்த்திவிட்டுக் குத்துங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வார்டில் ஒருவருக்குச் சர்க்கரை திடீரென்று 240 என்று காட்டியது. சற்று முன்புதான் அவர் ஆரஞ்சுப் பழம் உரித்திருந்தார். கை கழுவச் சொல்லி மறுபடி எடுத்தபோது 118.

நீரிழிவு இல்லாதவருக்கு 55க்குக் கீழே இறங்கினால் அது பொருட்படுத்த வேண்டிய எண். 70க்கு மேலே இருந்தால் நடுக்கத்துக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும். வீட்டுக் கருவியின் எண் நூற்றுக்குப் பதினைந்து வரை முன்னே பின்னே போகலாம் என்பதால், எண் குறைவாக வந்தால் ஆய்வகத்தில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும்.

கூழ்ச்சட்டி | மார்ச் 5, மாலை 6.15

உணவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். இரவுப்பணி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சாப்பாட்டுப் பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த ஒன்பது நாட்கள். உடல் தன் மாவுச்சத்துச் சேமிப்பைக் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே வெளியேறும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியே தள்ளும். எழுந்ததும் தலை சுற்றுவதும் நெஞ்சு வேகமாக அடிப்பதும் அதனால் வரக்கூடியவை. ஏற்கெனவே படபடப்புக்குப் பயந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தப் புதுப் படபடப்பு எவ்வளவு பீதியைக் கிளப்பும் என்று எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது.

அடுத்து, அந்த ஐந்து இட்லி. உளுந்து சேர்ந்திருந்தாலும் இட்லியின் பெரும்பங்கு அரிசிதான். ஆவியில் வெந்து பஞ்சாக இருப்பதால் சீக்கிரம் செரிக்கும். சென்னையில் நம் அரிசி வகைகளின் சர்க்கரை உயர்த்து குறியீட்டை, அதாவது ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண்ணை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தூய குளுக்கோஸை 100 என்று வைத்தால் பொன்னி 70, சோனா மசூரி 72, சுர்த்தி கோலம் 77. கொண்டைக்கடலை 30ஐ ஒட்டி நிற்கும். தேங்காய்ச் சட்னியில் கொழுப்பு இருக்கிறது, புரதம் அதிகமில்லை. மேலே இரண்டு கரண்டிச் சர்க்கரை வேறு. மொத்தத் தட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

இது ஒரு தனி ஆளின் குறையல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், இந்தியர்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவதாகத் தெரிந்தது. அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை.

அதற்காக இட்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். தட்டில் அதற்குத் துணை வேண்டும். ஒரு இட்லியைக் குறைத்துவிட்டு, பருப்பு கெட்டியாக உள்ள சாம்பாரை ஒரு கிண்ணம் முழுக்க ஊற்றிக்கொள்ளுங்கள். அல்லது ஒரு முட்டை, அல்லது கைப்பிடிச் சுண்டல். சாப்பிடும் வரிசையும் பலன் தருகிறது. 2015இல் நியூயார்க்கில் நீரிழிவுள்ள 11 பேரைக் கொண்டு செய்த ஒரு சிறு சோதனையில், அதே உணவைக் காய்கறியும் கோழிக்கறியும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் கடைசியில் என்று மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை 37 விழுக்காடு குறைவாக இருந்தது. உணவு அதேதான், முந்தியது எது பிந்தியது எது என்பது மட்டுமே மாறியிருந்தது.

சிறுதானியத்துக்கு மாறிவிட்டேன் என்று நிறையப் பேர் வருகிறார்கள். கேழ்வரகை நைசாக அரைத்து, வெல்லம் கரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் வேகமாகத்தான் ஏறும். தானியத்தின் பெயரைக் கேட்டு மயங்காமல், அது எந்த வடிவத்தில் வாய்க்குள் போகிறது என்று பாருங்கள்.

நூலகமூலை | மார்ச் 6, இரவு 11.05

உளவியல் ஆய்வு மாணவன். மைத்துனர் சொன்ன கூற்றை ஆய்வுகள் எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்று சொல்ல விரும்புகிறேன். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இணையத்தில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் அதிகம்.

மாவுச்சத்துக்கும் பதற்றத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகக் காட்ட அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2016இல் கனடாவிலிருந்து வெளியான ஒரு நோயாளிக் குறிப்பு. பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 15 வயதுப் பெண், தீட்டிய மாவுச்சத்தே பெரும்பாலும் சாப்பிட்டுவந்தாள். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து சேர்த்ததும் பதற்றம் கணிசமாகக் குறைந்தது. சிறிது காலம் பழைய உணவுக்குத் திரும்பியபோது பதற்றமும் திரும்பியது. கவனிக்க வேண்டிய குறிப்புதான். ஆனால் ஒரே ஒருத்தி, அதுவும் வயது வந்தவள் அல்லள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை.

மறுபக்கம் 2009இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஆய்வு. உடல் எடை கூடிய 106 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மிகக் குறைந்த மாவுச்சத்து, இன்னொன்றுக்குக் குறைந்த கொழுப்பு, மொத்த ஆற்றல் இரண்டிலும் ஒரே அளவு. ஓராண்டு நடந்தது. எட்டு வாரங்களில் இரு குழுவினருக்கும் மனநிலை முன்னேறியது. ஆனால் ஓராண்டு முடிவில் மாவுச்சத்து சாப்பிட்டுவந்த குழுவில்தான் அந்த முன்னேற்றம் நிலைத்தது. மாவுச்சத்தை ஒதுக்கிய குழு பெரும்பாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. இரு குழுவிலும் எடை ஒரேபோலக் குறைந்திருந்தது. கரிசல்மண் அண்ணா, உங்கள் எட்டு மாதத்தை நான் மறுக்கவில்லை. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லத்தான் இடமில்லை.

“மாவுச்சத்து சாப்பிட்டால் செரட்டோனின் ஊறும், மனம் அமைதியாகும்” என்கிற எதிர்க்கட்சி வாதமும் உண்டு. இன்சுலின் மற்ற அமினோ அமிலங்களைத் தசைக்குள் அனுப்பிவிடுவதால் செரட்டோனின் என்ற மனநிலை வேதிப்பொருளாக மாறும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் மூளைக்குள் போக வழி கிடைக்கிறது என்பது அதன் அடிப்படை. 1970களில் எலிகளிடம் கண்டது. மனிதர் சாப்பிடும் சாதாரணச் சாப்பாட்டில் சிறிதளவு புரதம் இருந்தாலே அந்த விளைவு மங்கிவிடுகிறது. சாம்பார் சாதத்துக்கு அது பொருந்தாது. இனிப்பு சாப்பிட்டதும் உற்சாகம் பிறக்கும் என்பதும் அப்படியே. 2019இல் 31 ஆய்வுகளை, மொத்தம் 1,259 பேரின் தகவல்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மனநிலை எந்த நேரத்திலும் உயரவில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் களைப்புக் கூடியது, விழிப்புக் குறைந்தது.

இன்னொன்று, இந்தக் கதை புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் களைப்பு, பதற்றம், தலைவலி எல்லாவற்றுக்கும் ‘தாழ்சர்க்கரை’ என்று பெயர் வைக்கும் அலை அடித்தது. 1973இல் அந்நாட்டின் மூன்று பெரிய மருத்துவச் சங்கங்கள் கூடி, இப்படிச் சொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தாழ்சர்க்கரை இல்லை என்று கூட்டறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

திசை என்றொரு கேள்வியும் இருக்கிறது. பதற்றப்படுகிறவர் பிஸ்கட்டையும் முறுக்கையும் தேடுகிறார். அவரையும் அவர் சாப்பாட்டையும் ஒருமுறை மட்டும் அளந்து பார்த்தால், முறுக்குதான் பதற்றத்தை உண்டாக்கியது என்பதுபோலத் தோன்றும்.

கரிசல்மண் | மார்ச் 7, காலை 6.40

நூலகமூலை தம்பி, இரவு முழுவதும் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன். அரிசியை நிறுத்திய அதே வாரம் ஒரு நாளைக்கு ஐந்து காபி குடிப்பதையும் ஒன்றாகக் குறைத்தேன். காலையில் 40 நிமிடங்கள் நடக்கத் தொடங்கினேன். இரவு பதினொன்றரைக்குப் படுத்தவன் பத்து மணிக்குப் படுக்கிறேன். குரல் நடுக்கம் போனதற்கு எது காரணம் என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏ1சி 5.6க்கு இறங்கியதற்கு உணவுதான் பெரிய காரணம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. பேரேடு நண்பரிடம் “மறுபடி தொடங்குங்கள்” என்று நான் அவசரப்பட்டுச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

சாக்குக்கட்டி | மார்ச் 8, பிற்பகல் 3.10

ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 67. இரவுப்பணி அம்மா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பதினொரு ஆண்டுகளாக நீரிழிவு. காலையில் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும். சென்ற ஆண்டு கை நடுக்கம், பதற்றம் என்று வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் ப்ரோப்ரனலால் கொடுத்தார். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நேற்று முன்தினம் மாலை. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. மாலை ஐந்தரைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு படபடக்கவில்லை, கை நடுங்கவில்லை. ஆனால் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. செய்தித்தாளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேனாம். வீட்டுக்காரி எப்போதும்போல் “மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்” என்று சொல்ல வந்தவள், இந்த இழையை நான் காலையில் படித்துக் காட்டியது நினைவுக்கு வந்து, என் கையைக் கழுவிக் கருவியில் குத்திப் பார்த்தாள். 58.

ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்துக் கொடுத்தாள். கால்மணி நேரம் கழித்து 81. இத்தனை நாள் ‘பதற்றம்’ என்று நான் நினைத்தவற்றில் எத்தனை இதுவாக இருந்ததோ தெரியவில்லை.

இரவுப்பணி | மார்ச் 8, மாலை 4.25

ஐயா, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மிகச் சரியாகச் செய்திருக்கிறார்.

தயவுசெய்து நாளைக்கே இரண்டு மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் நீரிழிவு மருத்துவரைப் பாருங்கள். கிளிமெபிரைடு, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். ப்ரோப்ரனலால், சர்க்கரை இறங்கும்போது எச்சரிக்கை மணியாக அடிக்கும் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அதனால் அடக்க முடியாது. உங்களுக்கு வியர்த்தது, நடுங்கவில்லை. அதன் பொருள் இதுவாக இருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ப்ரோப்ரனலாலைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரைப் பார்க்கும்வரை எந்த வேளையும் சாப்பாடு தவறக் கூடாது. சட்டைப்பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

காவிரிக்கரை | மார்ச் 9, இரவு 8.30

இதுவரை படிக்க மட்டுமே வந்தேன். சர்க்கரைப் பொட்டலம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கும்பகோணம் பக்கம். வயது 38. எனக்கு ஆறு ஆண்டுகள் பீதித் தாக்குதல் இருந்தது. யாரோ ‘லோ சுகர்’ என்றார்கள். அன்றிலிருந்து கைப்பையில் ஒரு வெல்லக்கட்டி, எண்ணெய்த் தாளில் மடித்து. கோவிலுக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும். வெயில் காலத்தில் உருகித் தாளோடு ஒட்டிப் பையெல்லாம் பிசுபிசுக்கும். மாற்றிப் புதுக்கட்டி வைப்பேன். ஒருநாள் பஸ் பாதி வழி போன பிறகுதான் கட்டியை எடுக்க மறந்தது தெரிந்தது. பாபநாசத்தில் இறங்கி, கடை கடையாக வெல்லம் தேடினேன். கை கால் விறைத்துவிட்டது.

அந்த ஆறு ஆண்டுகளில் யாரும் என் சர்க்கரையை அந்த நேரத்தில் அளந்து பார்க்கவில்லை. சர்க்கரை வேண்டாம், மைதா வேண்டாம், பால் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விட்டு, 54 கிலோவிலிருந்து 46க்கு வந்தேன். பட்டினியே படபடப்பைத் தருகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் தாக்குதல் வந்த நேரத்தில் அளக்கச் சொன்னார். 96. இன்னொரு நாள் 104. அடுத்த முறை 89.

அதன்பிறகு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது பயத்தைத் தூண்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசியும் பழகியும் மாற்றுவது. உளவியலாளர் சொன்னார்: வெல்லம் உங்களைக் காப்பாற்றவில்லை அம்மா, அது இல்லாவிட்டால் செத்துப்போவோம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. கட்டியை வீட்டில் வைத்துவிட்டு முதலில் தெருமுனை வரை. பிறகு சுவாமிமலை. பதினோராவது வாரம் தஞ்சாவூர் வரை பஸ்ஸில் தனியாக. பீதி பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கும். அதை உடம்பால் தெரிந்துகொள்ள எனக்கு அத்தனை பஸ் பயணங்கள் வேண்டியிருந்தன.

சாக்குக்கட்டி ஐயா, நீங்கள் சர்க்கரையை விட்டுவிட்டு வெளியே போகவே கூடாது. நான் அதை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. ஒரே பொருள்தான்.

பேரேடு அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என்ன ஆகிறது?

இழைக் கண்காணிப்பாளர் | மார்ச் 10, காலை 9.00

மாத்திரைகளின் அளவு குறித்து இருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். அதை இங்கே யாரும் சொல்ல முடியாது, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். மனம் தாங்காத நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பேரேடு | மார்ச் 19, இரவு 9.15

தாமதத்துக்கு மன்னியுங்கள். கருவி வாங்கி எட்டு நாட்கள் எடுத்தேன். எல்லாம் பத்தேமுக்காலுக்கும் பதினொன்றே காலுக்கும் இடையில், கை கழுவி, வாயில் எதுவும் போடாமல். 88, 91, 84, 79, 93, 86, 74. இவற்றில் ஐந்து நாட்கள் நடுக்கம் இருந்தது. 93 வந்த நாள்தான் மிக மோசமான நாள்.

எட்டாவது எண் ஞாயிற்றுக்கிழமை. காவிரிக்கரை அம்மா கேட்டதற்காகவே எடுத்தேன். அன்று ஏழு இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு. பதினோரு மணிக்கு மகனுக்குச் சைக்கிளில் செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரை 82. நடுக்கம் இல்லை. நினைத்துப் பார்த்தால் எந்த ஞாயிறும் இருந்ததில்லை. நான்கு மாதங்களாக இதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். ஒன்பதேமுக்காலுக்கு அலுவலகத்தில் இன்னொரு காபி உண்டு, டிகாக்‌ஷன் கெட்டியாக. அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இன்னொன்று, சென்ற அக்டோபரில் நான் போட்ட ஒரு பதிவு தவறாகி, வாடிக்கையாளருக்கு வரித்துறை நோட்டீஸ் வந்தது. அன்றிலிருந்து தினமும் பதினொன்றரைக்கு மூத்த தணிக்கையாளர் என் பேரேட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறார். அவர் ஒன்றும் திட்டுவதில்லை. விரலை வரியில் வைத்து மெதுவாக நகர்த்துவார். அவ்வளவுதான்.

இதை எழுதும்போதே கை வியர்க்கிறது.

காவிரிக்கரை | மார்ச் 19, இரவு 9.40

எழுதிவிட்டீர்கள் அல்லவா அண்ணா, அது பெரிய காரியம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, போங்கள். பிஸ்கட்டை எடுக்கும்போது ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். எடுக்கக் கூடாது என்பதல்ல, தள்ளிப்போடுங்கள்.

கூழ்ச்சட்டி | மார்ச் 20, காலை 8.05

அந்த ஒன்பதேமுக்கால் காபியை முதலில் பாருங்கள். ஏழரைக்குக் குடித்த காஃபீனில் பாதிக்கு மேல் அப்போது இன்னும் இரத்தத்தில் இருக்கும். அது பாதியாகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். அதன்மேல் இன்னொரு கெட்டிக் காபி ஏறினால் பதினோரு மணிக்கு நெஞ்சு வேகமெடுப்பதில் வியப்பில்லை. சட்டென்று நிறுத்தினால் தலைவலிக்கும், டிகாக்‌ஷனை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

எண்கள் நன்றாக இருப்பதால் சாம்பாரையும் சுண்டலையும் விட்டுவிடாதீர்கள். அது பதற்றத்துக்கு மருந்து என்று நான் சொல்லவில்லை. மெல்போர்ன் பக்கம் 2017இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரங்கள் முழுத்தானியம், பருப்பு, காய், மீன், ஆலிவ் எண்ணெய் என்று உணவை மாற்றினார்கள். அவர்களில் 32 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினர். அது சோர்வுக்கான ஆய்வு, சிறியதும்கூட. ஆனால் அந்தத் தட்டில் தானியம் தாராளமாக இருந்தது என்பதை மைத்துனரிடம் சொல்லுங்கள்.

சாக்குக்கட்டி | ஏப்ரல் 2, மாலை 5.50

மருத்துவர் கிளிமெபிரைடை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் தொடரச் சொன்னார். ப்ரோப்ரனலாலை இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார். இரண்டு சீட்டுகளையும் ஒரே உறையில் வைத்துத் தைத்துவிட்டாள் வீட்டுக்காரி. மாலை வியர்வை அதன்பிறகு வரவில்லை. பொட்டலம் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. மருத்துவர் சொல்லும்வரை இருக்கும்.

பேரேடு | ஏப்ரல் 27, இரவு 10.00

தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டும் சரியாக இருந்தன. மனநலப் பிரிவில் ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள், 21க்கு 13 வந்தது. மிதமான பதற்றம் என்றார் மருத்துவர். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் வாருங்கள் என்றார். ஐந்து முறை போய்விட்டேன். சென்ற வாரம் அதே தாளில் 9.

நான்கு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், காலையில் ஒரே காபி. அலுவலகத்தில் மோர். வாரத்தில் இரண்டு நாட்கள் இன்னும் நடுங்குகிறது. பிஸ்கட்டை இருபது நிமிடம் வரை தள்ளிப்போட முடிகிறது. சில நாட்களில் மறந்தே போகிறது.

மூத்த தணிக்கையாளரிடம் நேற்று வாய்திறந்து கேட்டேன், இன்னும் எத்தனை நாளைக்கு என் பேரேட்டைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று. மார்ச் கணக்கு முடிந்ததும் நிறுத்தியிருக்கலாம், வழக்கமாகிவிட்டது என்றார். திங்கட்கிழமை முதல் வாரத்துக்கு ஒருமுறை.